மலைப்பாதைக்கு எந்த வண்டி? வட்டியும் மிகைப்பாரமும் இல்லாத ஒரு தேர்வு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் கால்நடைகளை அல்லாஹ்வின் அருட்கொடைகளாக எடுத்துரைக்கிறது. பெரும் சிரமமின்றி நாம் சென்றடைய முடியாத ஊர்களுக்கு அவை நம் சுமைகளைச் சுமந்து செல்கின்றன என்பதை அதன் ஏழாவது வசனம் நினைவூட்டுகிறது. குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் குறிப்பிடும் எட்டாவது வசனம், நாம் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான் என்ற கருத்தோடு நிறைவுறுகிறது. பழனி மலைத்தொடரில் வாழும் நமக்கு இவ்வசனங்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. சாலை எட்டாத வெள்ளகவி போன்ற மலையூர்களின் சுமையை நெடுங்காலம் தாங்கியவை மட்டக்குதிரைகளே. திண்டுக்கல், பழனி வட்டாரங்களில் பரவலாக வாழும் ராவுத்தர் சமூகத்தின் பெயரே குதிரையோடு தொடர்புடையது.

இன்று அந்தக் குதிரையின் இடத்தைச் சிறிய சரக்கு வண்டி பிடித்திருக்கிறது. 2005ஆம் ஆண்டு டாடா நிறுவனம் 'ஏஸ்' வண்டியை அறிமுகம் செய்தபோது தமிழ்நாடு அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் சூட்டிக்கொண்டது. 2011இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. 2015இல் மகிந்திராவின் 'ஜீத்தோ', 2016இல் மாருதியின் 'சூப்பர் கேரி' எனப் பட்டியல் நீண்டது. பூம்பாறையின் பூண்டு, மன்னவனூரின் கேரட், தாண்டிக்குடியின் மிளகு, பண்ணைக்காட்டின் வாழை ஆகியவை சந்தைக்கு இறங்குவதும், கடைச் சரக்கும் சிமெண்டும் குழாய்களும் மலைக்கு ஏறுவதும் இவ்வண்டிகளால்தான். ஒரு மின்பணியாளரோ, பிளம்பரோ, பேக்கரி நடத்துபவரோ, காய்கறி வியாபாரியோ சொந்தக் காலில் நிற்க எண்ணும்போது முதலில் கேட்கும் கேள்வி, "எந்த வண்டி எடுக்கலாம்?" என்பதே.

இக்கேள்விக்கு நம் குடும்பங்களில் விடை தேடும் முறை தவறானது என்பது என் கருத்து. நாம் கேட்பது, "மாதத் தவணை எவ்வளவு வரும்?" என்பது. கேட்க வேண்டியது, "எவ்வளவு பாரத்தோடு, எந்தப் பாதையில், எப்படி இறங்கப் போகிறோம்?" என்பது. முதல் கேள்வி வட்டியின் வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. வட்டியின் நெருக்கடி மிகைப்பாரத்துக்குக் கொண்டுசெல்கிறது. மிகைப்பாரம் மலை இறக்கத்தில் உயிருக்கே உலையாகிறது. மார்க்கம் தடுத்ததும் மலை தடுப்பதும் இங்கே ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன.

தவணை வண்டியை ஓட்டும்போது

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஐந்து லட்சம் ரூபாய்க் கடன். நான்கு ஆண்டுத் தவணை. 'பத்து சதவீதம்தான் வட்டி' என்கிறார் முகவர். அவர் சொல்வது நிலையான வட்டி முறை. அதாவது அசல் குறையக் குறைய வட்டி குறையாது. முழு ஐந்து லட்சத்துக்கும் நான்கு ஆண்டும் வட்டி உண்டு. ஆகவே வட்டி மட்டும் 2 லட்சம். மொத்தம் 7 லட்சத்தை 48 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 14,583 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி கணக்கிடும் முறையில் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ பதினேழரை சதவீதம். காதில் விழுந்த எண்ணுக்கும் கையிலிருந்து போகும் பணத்துக்கும் இவ்வளவு இடைவெளி.

மாதம் 25 நாள் வண்டி ஓடினால் நாளொன்றுக்கு 583 ரூபாய் தவணைக்கே போக வேண்டும். எரிபொருள், டயர், காப்பீடு, பழுது, வீட்டுச் செலவு எல்லாம் அதற்குப் பிறகே. மலையிலோ 25 நாள் என்பதே உறுதியில்லை. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவும் மரம் விழுவதும் பாதையை அடைக்கும். பூண்டு விலை சரிந்தால் விவசாயி சரக்கை இறக்காமல் வைத்திருப்பார். சுற்றுலாப் பருவம் முடிந்தால் விடுதிகளின் கொள்முதல் சுருங்கும். வருமானம் பருவத்தைப் பொறுத்தது. தவணை நாட்காட்டியைப் பொறுத்தது.

இந்த இடைவெளியை ஓட்டுநர் எதைக்கொண்டு நிரப்புவார்? 750 கிலோ தாங்கும் வண்டியில் 1,100 கிலோ ஏற்றுவார். இரண்டு நடை போகவேண்டிய சரக்கை ஒரே நடையில் முடிப்பார். உறங்கவேண்டிய இரவில் மூடுபனிக்குள் ஓட்டுவார். தேய்ந்த டயரை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுவார். பேராசையைவிடக் கெடு நாளின் அச்சமே அவரை இதற்குத் தள்ளுகிறது.

அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் வணிகத்தை அனுமதித்து வட்டியைத் தடுக்கிறது. அதன் ஞானத்தை மேலே சொன்ன ஓட்டுநரின் நிலையில் கண்கூடாகக் காணலாம். வணிகத்தில் மழையின் இழப்பு இருதரப்புக்கும் உரியது. வட்டியில் மழை முழுவதும் கடன்பட்டவரின் தலையில் மட்டுமே பெய்கிறது. அதே அத்தியாயத்தின் 280ஆம் வசனம் சிரமத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் அளிக்கப் பணிக்கிறது. தவணை ஒப்பந்தமோ தாமதத்துக்கு அபராதம் விதிக்கிறது.

ஏறுவது வேறு, இறங்குவது வேறு

வத்தலக்குண்டும் பழனியும் கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் உள்ளன. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டரில் உள்ளது. பெருமாள்மலையில் கூடும் இவ்விரு பாதைகளில் எதில் சென்றாலும் 1,800 மீட்டர் ஏறவேண்டும், அதே அளவு இறங்கவேண்டும். சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி இங்கே திணறுவதற்குக் காரணம் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் தன் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. கொடைக்கானலை எட்டும்போது ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. டர்போ உள்ள டீசல் எஞ்சினுக்கு இந்த இழப்பு குறைவு.

ஆகவே விளம்பரத்தில் காணும் மைலேஜைவிட எஞ்சினின் தன்மையே மலைக்கு முக்கியம். டாடா ஏஸின் டீசல், பெட்ரோல் வகைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 700 சி.சி. கொண்ட இரண்டு சிலிண்டர் எஞ்சின்கள். தாங்கும் பாரம் 750 கிலோ அளவில். சூப்பர் கேரி பெட்ரோல் வண்டி 1,200 சி.சி., நான்கு சிலிண்டர். பாரம் 740 கிலோ. அதன் சி.என்.ஜி. வகையில் எரிவாயு உருளையின் எடையால் பாரம் 625 கிலோவாகக் குறைகிறது. தோஸ்த் 1,500 சி.சி. டர்போ டீசல், பாரம் ஏறத்தாழ 1,250 கிலோ. மாடலுக்கு மாடல் இந்த எண்கள் மாறும் என்பதால், வாங்கும் வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள வெற்றெடையையும் மொத்த எடையையும் பார்ப்பதே சரி. அந்த மொத்த எடையில் ஓட்டுநரும் உடன் வருபவரும் தார்ப்பாயும் கயிறும் அடக்கம்.

இனி இறக்கத்துக்கு வருவோம். நம் மலையில் கனமான சரக்கு பெரும்பாலும் இறங்கும் திசையில்தான் வருகிறது: கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, வாழைத்தார். இறங்கும் வண்டியின் ஆற்றல் முழுவதும் பிரேக்கிலும் எஞ்சினிலும் வெப்பமாக மாறியாக வேண்டும். 1,600 கிலோ மொத்த எடைக்கு வடிவமைத்த வண்டி 2,000 கிலோவோடு இறங்கினால் அந்த வெப்பம் கால்பங்கு கூடுகிறது. பிரேக் டிரம் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பழம்பாடம். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவோர் இன்றும் உள்ளனர். இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் அணையாமல் இருக்க எரிபொருளைச் செலவிடுகின்றன. மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. மேலே ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. கொண்டை ஊசி வளைவில் அதைப் பேணுவது சட்டமும் ஆகும், அதபும் ஆகும்.

மிகைப்பாரம் ஓர் அநீதி

அன்சாரி ஒருவரின் தோட்டத்துக்கு நபி (ஸல்) அவர்கள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டதும், அதைத் தடவி அமைதிப்படுத்திவிட்டு, பட்டினி போட்டு ஓய்வின்றி வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று உரிமையாளரைக் கண்டித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. வண்டிக்கு உயிரில்லை, அது முறையிடாது என்று நாம் எண்ணலாம். ஆனால் அதன் முன்னே நடந்து செல்லும் பள்ளிச் சிறுமிக்கும், எதிரே ஏறிவரும் பேருந்தின் பயணிகளுக்கும் உயிர் உண்டு. அவர்களின் பாதுகாப்பு ஓட்டுநரின் கையில் உள்ள அமானத்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், மிகைப்பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஒருமுறை பிடிபட்டால் பல நடைகளின் இலாபம் போய்விடும். "யாரும் பிடிப்பதில்லை" என்பவருக்கு அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை நினைவூட்டலாம். அளவையில் மோசடி செய்பவரைப் பற்றிய அந்த எச்சரிக்கை, ஏற்றும் எடையை மறைப்பவரின் மனத்தையும் தொடவேண்டும்.

இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. திருமணத்துக்கும் ஜனாஸாவுக்கும் உறவினர்களைச் சரக்கு வண்டியின் பின்தட்டில் நிறுத்தி மலையேற்றும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களை மூட்டைகளின்மேல் அமர்த்தி அனுப்புவதும் உண்டு. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்லும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. விபத்து நேர்ந்தால் அநாதையாகும் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? வண்டி வைத்திருக்கும் சகோதரர், "மன்னியுங்கள், பேருந்துக்கு ஏற்பாடு செய்வோம்" என்று சொல்லும்போது அவரைக் கஞ்சன் என்று ஏசாமல் இருப்பது நம் கடமை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலாவது, தேவையை எடைபோடுங்கள். ஒரு மாதம் வாடகை வண்டியிலேயே தொழில் செய்து, நாள்தோறும் ஏற்றிய எடையையும் சென்ற தூரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிளம்பருக்கும் மின்பணியாளருக்கும் 300 கிலோவுக்கு மேல் அரிதாகவே தேவைப்படும். மழையும் பனியும் மிகுந்த கொடைக்கானலில் கருவிகள் நனையாமலும் களவு போகாமலும் இருக்க, ஈகோ கார்கோ போன்ற மூடிய வண்டி அவர்களுக்குப் பொருந்தும். ரொட்டி கொண்டுசெல்பவருக்கும் அவ்வாறே. காய்கறிக்குக் காற்றோட்டம் வேண்டும். திறந்த தட்டும் நல்ல தார்ப்பாயும் போதும். நாள்தோறும் ஒரு டன்னுக்கு மேல் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறக்குபவர் 750 கிலோ வண்டியை வாங்குவது சிக்கனமன்று; அது தினமும் ஒரு மீறலைத் திட்டமிடுவதாகும். அவருக்கு தோஸ்த் வகையே நியாயம். மின்சார வண்டிகளுக்கு உயரத்தால் ஆற்றல் குறைவதில்லை. இறக்கத்தில் அவை மோட்டாரைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தி மின்கலத்துக்கும் சிறிது சேமிக்கும். எனினும் விலையும், உங்கள் பாதையில் சார்ஜ் செய்யும் வசதியும் இன்று பலருக்குத் தடை.

இரண்டாவது, தேவைக்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. சிறு வண்டியோடு தொடங்குபவருக்குச் சட்டமே எளிமையைத் தந்திருக்கிறது.

மூன்றாவது, வட்டியின்றி வாங்க முடிந்த பழைய வண்டியை, வட்டியோடு வரும் புதிய வண்டிக்கு மேலாக எண்ணுங்கள். நம்பகமான மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். மலையில் ஓடிய வண்டியாயின் கிளட்ச், பிரேக் டிரம், சேஸியின் துரு, டயர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தகுதிச் சான்றின் காலத்தைப் பாருங்கள்; எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு அது ஆண்டுதோறும் தேவை. படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள். முந்தையவரின் கடன் பதிவு நீங்கியதற்கான படிவம் 35 இல்லாமல் முழுத்தொகையைக் கொடுக்காதீர்கள். விற்பவர் நம்மவராயின் குறையை மறைக்காமல் சொல்வது அவர்மீது கடமை. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது முஸ்லிம் நூலில் உள்ள செய்தி. தேய்ந்த கியர்பாக்ஸில் கெட்டியான எண்ணெயை ஊற்றி ஓசையை அடக்கி விற்பதும் அதே ஈரம்தான்.

நான்காவது, கூட்டுச் சேருங்கள். மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு உங்களிடம் ஒரு லட்சம் இருக்கிறது. மைத்துனரும் மாமாவும் இரண்டு லட்சம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி மூவருக்கும் சொந்தம். செலவு போக வரும் இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்கிறீர்கள். உழைப்பவருக்குக் கூடுதல் பங்கு வைக்கலாம். இழப்பு வந்தால் அவரவர் முதலீட்டின் அளவுக்கு ஏற்பர். உங்கள் வருவாயிலிருந்து அவர்களின் பங்கைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்கி முழு உரிமையாளராகிறீர்கள். குறையும் கூட்டுரிமை எனும் இம்முறையை உலமாக்கள் விரிவாக விளக்கியுள்ளனர். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: "வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 5,000 கொடுத்துவிடு" என்று ஒரு பங்காளி கேட்டால், பெயர் கூட்டுத்தொழில், பொருள் வட்டி. எதுவாயினும் எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை மறவாதீர்கள்.

"ஹலால் முதலீடு" என்ற பலகையைக் கண்டதும் நம்பிவிடவும் கூடாது. பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது. பெயரைப் பார்ப்பதோடு நில்லாமல் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பதே அது தரும் பாடம்.

ஜமாஅத்தின் பொறுப்பு

"வட்டியில்லாக் கடன் எங்கே கிடைக்கிறது? நிர்பந்தத்தில் வேறு வழியில்லையே" என்று சகோதரர்கள் கேட்கிறார்கள். அக்கேள்வியில் நியாயம் உண்டு. நம் நாட்டின் வங்கிச் சட்டத்தில் வட்டியில்லா வங்கிக்கு இடமில்லை. இஸ்லாமிய வங்கித் திட்டத்தைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் தெரிவித்துவிட்டது. ஒருவருடைய நிலை உண்மையான நிர்பந்தமா என்பதை அவருடைய சூழலை அறிந்த ஆலிமே சொல்லவேண்டும். ஒரு கட்டுரை அதைத் தீர்க்க முடியாது. ஆனால் சிறிய வண்டி, பழைய வண்டி, வாடகை வண்டி, கூட்டு வண்டி ஆகிய நான்கு கதவுகளையும் தட்டிப் பார்க்காமல், கண்ணாடிக் காட்சியறையில் நின்று 'நிர்பந்தம்' என்று சொல்வது பொருந்தாது.

அதே வேளையில், அந்தச் சகோதரர் தட்டும்போது கதவைத் திறக்க நம்மில் யார் இருக்கிறோம் என்ற கேள்வியும் எழுகிறது. வட்டி ஹராம் என்று ஜும்ஆ மேடையில் முழங்கிவிட்டு, ஊரில் ஒரு பைத்துல்மாலைக் கூட நடத்தாத ஜமாஅத், பாதி மார்க்கத்தைத்தான் சொல்கிறது. பள்ளிவாசலின் முகப்புக்குச் சலவைக்கல் பதிக்கத் திரட்டும் தொகையில் ஒரு பகுதி, ஆண்டுக்கு ஓர் உழைப்பாளிக்குக் கர்ழன் ஹஸனாவாகப் போகலாம். தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழிற்கருவியை வாங்கும் அளவுக்கு ஜகாத் வழங்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். ஹனஃபி மத்ஹபினர் தம் உலமாக்களிடம் இதன் விவரத்தைக் கேட்டறியலாம். ஒவ்வோர் ஆண்டும் கையேந்தும் ஒருவர், ஒரு வண்டியால் சில ஆண்டுகளில் ஜகாத் கொடுப்பவராக மாறக்கூடும்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். பக்கத்து வீட்டில் புதிய வண்டி நின்றால் நம் வாசலிலும் புதிய வண்டி நிற்கவேண்டும் என்று பிள்ளைகளை நெருக்காதீர்கள். சாயம் மங்கிய, கடனற்ற ஒரு பழைய வண்டி, அளவான பாரத்தோடு பெருமாள்மலை வளைவுகளில் இரண்டாம் கியரில் நிதானமாக இறங்கி, மஃரிபுக்கு முன் வீடு திரும்பினால் அதில் பரக்கத் உண்டு. அந்த ஓட்டுநர் இரவில் நிம்மதியாக உறங்குவார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வண்டியில் ஏறி அமர்ந்ததும் அஸ்ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 13, 14ஆம் வசனங்களில் உள்ள துஆவை ஓதுகிறோம். அதற்கு முன் டயரையும் பிரேக்கையும் கயிற்றையும் பார்ப்பதும், வாங்கும் நாளிலேயே வட்டியையும் மிகைப்பாரத்தையும் விலக்குவதும் நம் பங்கு.

நம் உழைப்பாளிகளுக்கு அல்லாஹ் ஹலாலான வாழ்வாதாரத்தை விசாலமாக்கி, கடன் சுமையிலிருந்தும் பாதைகளின் ஆபத்திலிருந்தும் காத்தருள்வானாக. ஆமீன்.